புல்வெட்டும் தொழிலில் வாடிக்கையாளர் திரட்டல்

புல்வெட்டும் தொழிலில் வாடிக்கையாளர் திரட்டல் என்பது, வீடுகளைச் சூழ்ந்துள்ள புல்வெளிகளைக் கூலிக்கு வெட்டிப் பராமரிக்கும் சிறுதொழிலைப் புதிதாகத் தொடங்கும் ஒருவர், தமக்குத் தொடர்ச்சியாக வேலை தரக்கூடிய வீட்டாரைத் தேடிச் சேர்த்துக்கொள்ளும் செயற்பாட்டைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளின் புறநகர்ப் பகுதிகளில் இத்தொழில் பரவலாகக் காணப்படுகின்றது. மாணவர்கள், புதிதாகக் குடியேறியோர், வேலை இழந்தோர் போன்றோர் சிறிய முதலுடன் தொடங்கக்கூடிய தொழில்களுள் இதுவும் ஒன்று.

இத்தொழிலுக்கு வேண்டிய இயந்திரத்தை எவரும் கடையில் வாங்கிவிடலாம். வாடிக்கையாளரை அவ்வாறு வாங்க இயலாது என்பதால், புதியவர்கள் பலர் முதற் பருவத்திலேயே தொழிலைக் கைவிட நேர்கின்றது. மேலும், எத்தனை வாடிக்கையாளர் உள்ளனர் என்பதைப் போலவே, அவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு அருகில் வசிக்கின்றனர் என்பதும் வருமானத்தைத் தீர்மானிக்கின்றது. எனவே இத்தொழிலில் வாடிக்கையாளர் தேடல் என்பது விளம்பரம் பற்றியதாக மட்டுமன்றி, இடம் பற்றியதாகவும் அமைகின்றது.

பின்னணி

புல்வெளியை ஒரே உயரத்தில் வெட்டி வைத்திருக்கும் வழக்கம் முற்காலத்தில் ஐரோப்பியச் செல்வந்தரின் மாளிகைகளுக்கே உரியதாக இருந்தது. அரிவாள் கொண்டு புல்லை அறுக்கப் பல வேலையாட்கள் தேவைப்பட்டனர். இங்கிலாந்தின் குளொஸ்டர்சயரைச் சேர்ந்த எட்வின் பியர்ட் பட்டிங் என்பவர் 1830இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். துணி ஆலைகளில் கம்பளித் துணியின் மேற்பரப்பை ஒழுங்காகக் கத்தரிக்கப் பயன்பட்ட உருளைக் கத்தி இயந்திரமே இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. இதன் பின்னர் புல்வெளி படிப்படியாக நடுத்தர வகுப்பினரின் வீடுகளுக்கும் பரவியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய புறநகர் வளர்ச்சி, இத்தொழிலுக்கான சந்தையை உருவாக்கியது. நியூயோர்க் மாநிலத்தில் 1947க்கும் 1951க்கும் இடையில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகளுடன் கட்டப்பட்ட லெவிட்டவுன் குடியிருப்பில், ஒவ்வொரு வீட்டுக்கும் புல்வெளி அமைக்கப்பட்டதுடன், அதனை வாரந்தோறும் வெட்டவேண்டும் என்ற விதியும் இருந்தது. இன்றும் அமெரிக்க நகராட்சிகள் பல, புல் குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளருக்குத் தண்டம் விதிக்கின்றன. 2005இல் நாசா ஆய்வாளர்கள் பங்கேற்று வெளியிட்ட ஆய்வொன்று, செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் ஐக்கிய அமெரிக்காவின் புல்வெளிப் பரப்பை ஏறத்தாழ 1,63,000 சதுர கிலோமீட்டர் என மதிப்பிட்டது. இது அந்நாட்டில் நீர் பாய்ச்சிச் சோளம் பயிரிடப்படும் நிலப்பரப்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற புல்வெட்டி இயந்திரம் ஒன்றின் தோற்றமும் இத்தொழிலுடன் தொடர்புடையது. சிட்னியைச் சேர்ந்த மேர்வின் விக்டர் ரிச்சர்ட்சன், கல்லூரி விடுமுறையில் புல்வெட்டிப் பொருளீட்டிய தம் மகனுக்கு உதவும் பொருட்டு இயந்திரங்களை உருவாக்கத் தொடங்கினார். 1952இல் அவர் அமைத்த சுழற்கத்தி இயந்திரத்தில், பீச் பழம் அடைக்கப்பட்டிருந்த தகரக் குவளை எரிபொருட் கலமாகப் பொருத்தப்பட்டிருந்தது. இதுவே பின்னர் விக்டா என்ற வணிகப் பெயரில் நாடெங்கும் விற்பனையானது.

புல்லின் வளர்ச்சியும் வேலையின் ஒழுங்கும்

புல்வெட்டும் தொழிலின் சிறப்பியல்பு, அதன் வேலை முடிவடையாமல் மீண்டும் மீண்டும் வருவதாகும். ஒரு முறை வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகற்றலாகாது என்பது புல்வெளிப் பராமரிப்பின் அடிப்படை விதி. 6 சென்ரிமீட்டர் உயரத்தில் பேணப்படும் புல்லை, அது 9 சென்ரிமீட்டர் ஆவதற்குள் வெட்டிவிட வேண்டும். வளர்ச்சி மிகுந்த காலத்தில் இதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே பிடிக்கும். ஆகவே ஒரு வீட்டாரின் சம்மதத்தைப் பெறுபவர், அவர்கள் விலகாதவரை ஒரு பருவம் முழுவதற்குமான வேலையைப் பெறுகின்றார்.

வாடிக்கையாளரைத் தேடும் காலத்தையும் புல்லே முடிவு செய்கின்றது. குளிர்ப் பகுதிகளில் வளரும் கென்டக்கி நீலப்புல் போன்றவை இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் விரைந்து வளர்ந்து, கடுங்கோடையில் மந்தமடைகின்றன. வெப்பப் பகுதிகளுக்குரிய புல்வகைகள் கோடையில் செழிக்கின்றன. இவற்றுள் ஒன்றான பெர்முடாப் புல், தமிழர் நன்கறிந்த அருகம்புல்லே ஆகும். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் வீட்டார் தமக்குரிய புல்வெட்டுநரை மார்ச், ஏப்ரல் மாதங்களில் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் பருவம் முடியும்வரை மாற்றாதிருக்கின்றனர். தென்கோளத்தில் அமைந்த ஆஸ்திரேலியாவில் இக்காலம் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் அமைகின்றது. இவ்விரு மாத வாய்ப்பைத் தவறவிடும் புதியவர், பிறர் கைவிட்ட வேலைகளையே எதிர்பார்க்க வேண்டியவராகின்றார்.

சுற்று

ஒரு புல்வெட்டுநர் ஒழுங்காகச் சென்றுவரும் வீடுகளின் தொகுதி சுற்று எனப்படும். ஆங்கிலேய வழக்கில் பால்காரர், செய்தித்தாள் போடுபவர் ஆகியோரின் வேலைக்கு வழங்கும் சொல்லே இங்கும் பயன்படுகின்றது. வீட்டார் புல்வெட்டும் வேலைக்கு மட்டுமே பணம் தருவர்; ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் செல்லும் நேரத்துக்கு எவரும் பணம் தருவதில்லை. இதனால் சுற்றின் பரப்பு சிறியதாக இருக்கும் அளவுக்கு வருமானம் உயர்கின்றது.

இதனைக் கணக்கீடு ஒன்றால் விளக்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 9 மணிநேரம், அதாவது 540 நிமிடங்கள் உழைப்பதாகவும், ஒவ்வொரு புல்வெளிக்கும் இயந்திரத்தை இறக்கி ஏற்றுவது உட்பட 35 நிமிடங்கள் செலவாவதாகவும், கூலி 40 டாலர் எனவும் கொள்வோம்.

* வீடுகள் நகரெங்கும் சிதறியிருந்து, இரு வீடுகளுக்கு இடையே 25 நிமிடப் பயணம் தேவைப்பட்டால், ஒரு வீட்டுக்கு 60 நிமிடங்கள் ஆகும். நாளொன்றுக்கு 9 வீடுகளை முடிக்கலாம். வரவு 360 டாலர்.
* வீடுகள் ஒரே குடியிருப்பில் இருந்து, பயணம் 5 நிமிடங்களாகக் குறைந்தால், ஒரு வீட்டுக்கு 40 நிமிடங்களே ஆகும். நாளொன்றுக்கு 13 வீடுகளை முடிக்கலாம். வரவு 520 டாலர்.

இயந்திரம், உழைப்பு நேரம், கூலி ஆகிய மூன்றும் ஒன்றாகவே இருந்தும், நாளொன்றுக்கு 160 டாலர் வேறுபாடு ஏற்படுகின்றது. வாரத்துக்கு 5 நாட்கள், 25 வாரங்கள் கொண்ட பருவத்தில் இது 20,000 டாலராகின்றது. எரிபொருள், வாகனத் தேய்மானம் ஆகியவற்றில் மிச்சமாகும் தொகை இதில் சேர்க்கப்படவில்லை. நேரக் குறைவால் புதியவர் கைவிடும் தொழிலை, அருகருகே வாடிக்கையாளரைக் கொண்டவர் இலாபத்துடன் நடத்துவதற்கு இதுவே முக்கிய காரணம்.

வாடிக்கையாளரைக் கண்டறியும் வழிகள்

அறிந்தவர் வட்டம்

பெரும்பாலோரின் முதல் வாடிக்கையாளர் உறவினர், அயலார், வழிபாட்டிடத்தில் அறிமுகமானோர் ஆகியோருள் ஒருவராகவே இருப்பார். இவர்களிடமிருந்து வரும் வருமானத்தைவிட, சுட்டிக்காட்டுவதற்கு நன்கு வெட்டப்பட்ட புல்வெளி ஒன்று கிடைப்பதே பெரிய பயனாகும். எனினும் நட்பின் பொருட்டு மிகத் தொலைவிலுள்ள வீடுகளை ஏற்றுக்கொள்வது சுற்றைச் சிதறச் செய்யும்.

வீடு வீடாகச் செல்லல்

செலவு அற்றதும் கூச்சம் மிகுந்ததுமான வழி இது. வேலை செய்துகொண்டிருக்கும் வீட்டுக்கு இருபுறமும் உள்ள வீடுகளிலும் எதிர்ப்புறத்து வீடுகளிலும் கதவைத் தட்டிப் பேசுவது, அறியாத தெருவில் தட்டுவதைக் காட்டிலும் பயன் தரும். அயல்வீட்டின் புல்வெளி கண்ணெதிரே சான்றாக இருப்பதால், புதியவர் தம் திறமையை விளக்கிக் கூற வேண்டியதில்லை. மேலும், அவ்வாறு கிடைக்கும் வாடிக்கையாளரால் பயண நேரமும் கூடுவதில்லை. அதே வருகையில் இரு வீடுகளையும் முடித்துவிடலாம்.

துண்டறிக்கை

பெயர், தொலைபேசி எண், செய்யும் வேலைகள் ஆகியவற்றைக் கொண்ட துண்டறிக்கைகளும், கதவுப் பிடியில் மாட்டும் அட்டைகளும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. இவற்றைப் பெறுவோரில் மிகப் பலர் அழைப்பதில்லை. ஆகவே ஒரு நகரம் முழுவதும் ஒருமுறை வழங்குவதைவிட, தேர்ந்தெடுத்த சில தெருக்களில் சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் வழங்குவது தக்கது. ஒரு வீட்டாருக்குப் புல்வெட்டுநர் தேவைப்படும் நாள் எது என்பதை முன்கூட்டி அறிய இயலாது. இயந்திரம் பழுதான நாளில் கையில் இருக்கும் அட்டையே பயன்படும்.

வாகனமும் அறிவிப்புப் பலகையும்

வாகனத்தின் பக்கவாட்டில் எழுதப்படும் பெயரும் எண்ணும், வேலை நடக்கும்போது தெருவோரத்தில் நாட்டப்படும் சிறு பலகையும், அத்தெருவில் வசிப்போரையே நோக்கிய விளம்பரங்களாகும். பலகை நாட்டுவதற்கு வீட்டு உரிமையாளரின் இசைவு தேவை.

இணையம்

முற்காலத்தில் தொலைபேசி விவரத்தொகுப்பின் மஞ்சள் பக்கங்களும் உள்ளூர்ச் செய்தித்தாளின் சிறு விளம்பரங்களும் வகித்த இடத்தை, இப்போது கூகுள் நிலப்படத்தில் இடம்பெறும் தொழிற்பக்கங்களும், அயலாரை இணைக்கும் நெக்ஸ்ட்டோர் போன்ற தளங்களும் பெருமளவு எடுத்துக்கொண்டுள்ளன. இவற்றில் முன்னைய வாடிக்கையாளர் எழுதும் மதிப்புரைகள் பெரிதும் கவனிக்கப்படுகின்றன. வேலை தேடித்தரும் இடைத்தரகு நிறுவனங்களும் உள்ளன. இவை ஒவ்வோர் அழைப்புக்கும் கட்டணமோ, கூலியில் ஒரு பங்கோ பெறுவதால், புதியவர்கள் தொடக்கத்தில் இவற்றைப் பயன்படுத்திப் பின்னர் நேரடி வாடிக்கையாளருக்கு மாற முயல்கின்றனர்.

சுற்றை விலைக்கு வாங்கல்

ஓய்வு பெறும் அல்லது இடம்பெயரும் புல்வெட்டுநர் தம் சுற்றைப் பிறருக்கு விற்பது வழக்கம். வாங்குபவர் உடனடி வருமானம் பெறலாம் என்பது இதன் நன்மை. வீட்டார் எவரும் எழுத்தில் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதும், புதியவரை அவர்கள் ஏற்காமல் விலகக்கூடும் என்பதும் இதன் தீமைகள். இதனால் விற்பவர் சில வாரங்கள் உடன் சென்று, வாங்குபவரை ஒவ்வொரு வீட்டிலும் அறிமுகப்படுத்துவதும், விலையின் ஒரு பகுதியை அதன் பின்னரே பெற்றுக்கொள்வதும் பாதுகாப்பான முறைகளாகும்.

விலை கூறல்

குறைந்த விலை கூறினால் வாடிக்கையாளர் எளிதில் கிடைப்பர் என்பது புதியவர்களிடையே காணப்படும் எண்ணம். ஆனால் விலைக்காக மட்டும் வருவோர், இன்னும் குறைவாகக் கேட்பவரிடம் செல்லவும் தயங்குவதில்லை. மேலும், எரிபொருள், கத்தி தீட்டல், இயந்திரத் தேய்மானம், காப்பீடு, வரி, மழையால் இழக்கும் நாட்கள், பயண நேரம் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாது கூறப்படும் விலை, இயந்திரம் பழுதாகும் நாளில் அதன் பற்றாக்குறையை வெளிக்காட்டும். புதிய இயந்திரம் வாங்கப் பணமின்றித் தொழிலை நிறுத்துவோர் பலர், வாடிக்கையாளர் இல்லாமையால் அன்றி, ஈடுகட்டாத கூலியால் நிறுத்தியவர்களே.

ஒரு புல்வெளிக்கான விலை, அதன் பரப்பு, சரிவு, மரங்களும் மலர்ப்பாத்திகளும் உள்ள அளவு, இயந்திரம் நுழையக்கூடிய வாயிலின் அகலம் ஆகியவற்றைப் பொறுத்தது. நீண்ட நாள் வெட்டப்படாது வளர்ந்த புல்லுக்கு முதல் வெட்டு இரண்டு அல்லது மூன்று மடங்கு நேரம் பிடிக்கக்கூடும் என்பதால், அதற்குத் தனி விலை கூறுவர். வேலையில் எவை அடங்கும் என்பதை எழுதித் தருவது பிற்காலப் பிணக்குகளைத் தவிர்க்கும். ஓரம் வெட்டுதல், நடைபாதையில் சிதறிய புல்லை அகற்றுதல், வெட்டிய புல்லை எடுத்துச் செல்லுதல் ஆகியவை பொதுவாகப் பிணக்குக்கு உள்ளாகும் வேலைகளாகும்.

வாடிக்கையாளரைத் தக்கவைத்தல்

புதிய வாடிக்கையாளரைப் பெறுவதைவிட, இருப்பவரை இழக்காதிருத்தல் செலவு குறைந்தது. புல்வெட்டுநர் மீது வீட்டார் கூறும் குறைகளுள் முதன்மையானது, சொன்ன நாளில் வரவில்லை என்பதே. குறிப்பிட்ட தெருவுக்குக் குறிப்பிட்ட கிழமை என ஒதுக்குவதும், மழையால் தாமதமானால் முன்கூட்டியே தெரிவிப்பதும், அழைப்புகளுக்கு அன்றே மறுமொழி கூறுவதும் இத்தொழிலில் நம்பிக்கையைப் பெற்றுத் தருகின்றன. சுழற்கத்தி எறியும் கல்லால் சன்னல் அல்லது வாகனக் கண்ணாடி உடைவது உண்டு. பொறுப்புக் காப்பீடு வைத்திருப்பவர் இத்தகைய இழப்பை ஈடுசெய்யக்கூடியவராதலால், அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் அலுவலக வளாகங்களையும் நிர்வகிப்போர் காப்பீட்டுச் சான்றைப் பார்த்த பின்னரே வேலை தருவது வழக்கம்.

புல் வளராத மாதங்களில் வருமானம் நின்றுபோவதைத் தவிர்க்க, அதே வீட்டாருக்கு இலையுதிர்காலத்தில் சருகு அகற்றுதலையும், குளிர்காலத்தில் பனி அகற்றுதலையும் செய்து தருகின்றனர். இதனால் அடுத்த இளவேனிலில் வாடிக்கையாளரை மீண்டும் தேடவேண்டிய தேவையும் குறைகின்றது.

வரலாற்று எடுத்துக்காட்டுகள்

லொஸ் ஏஞ்சலசின் தோட்டக்காரர்கள்

கலிபோர்னியாவில் 1913இல் இயற்றப்பட்ட சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்றவர்களாகக் கருதப்பட்ட ஜப்பானியக் குடியேறிகள் விளைநிலம் வாங்குவதைத் தடைசெய்தது. இதனால் பலர் பிறர் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிக்கும் தொழிலை நாடினர். இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். இவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். வீட்டையும் கடையையும் இழந்து திரும்பியவர்களுக்குச் சிறு முதலுடன் தொடங்கக்கூடிய புல்வெட்டும் தொழில் வாழ்வாதாரமாயிற்று. சொந்தக்காரர்களும் அறிந்தவர்களும் தம் சுற்றிலிருந்து சில வீடுகளைத் தந்து புதியவரைத் தொடங்கச் செய்தனர். 1955இல் தென் கலிபோர்னியத் தோட்டக்காரர் கூட்டமைப்பு நிறுவப்பட்டது.

பின்னர் இத்தொழிலில் மெக்சிக்கக் குடியேறிகள் பெரும்பான்மையினராயினர். சமூகவியலாளர்களான எர்னன் ராமிரெசும் பியெரெட் ஒண்டக்னு-சொட்டேலோவும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்கும் ஒருவர் பின்னர் தமக்கெனச் சுற்று ஒன்றைப் பெற்றுத் தொழில்முனைவோராக மாறுவதை விவரிக்கின்றது. சுற்று இல்லாதவர் கூலியாளாகவே இருக்க நேர்வதால், இங்கு வாடிக்கையாளர் பட்டியலே ஒருவரின் நிலையை வேறுபடுத்தும் உடைமையாக விளங்குகின்றது.

ஜிம்ஸ் மோவிங்

மெல்பேர்ணின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஜிம் பென்மன், மாணவராக இருந்தபோது பகுதிநேரமாகப் புல்வெட்டினார். 1982இல் அதனை முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். தாம் திரட்டிய வாடிக்கையாளரைச் சுற்றுகளாக்கிப் பிறருக்கு விற்கவும் செய்தார். 1989இல் ஜிம்ஸ் மோவிங் என்ற பெயரில் உரிமக் கிளை முறையைத் தொடங்கினார். இம்முறையில், கட்டணம் செலுத்திச் சேர்பவருக்கு நிறுவனப் பெயரும், பயிற்சியும், வேலைக்கான அழைப்புகளும் கிடைக்கின்றன. புதியவர் தாமே செய்ய அஞ்சும் வாடிக்கையாளர் தேடலையே இந்நிறுவனம் விற்பனைப் பொருளாக்கியது எனலாம். பின்னர் தூய்மைப்பணி, நாய் குளிப்பாட்டல், வேலி அமைத்தல் முதலிய துறைகளுக்கும் இது விரிவடைந்தது.

சட்டக் கட்டுப்பாடுகள்

வாடிக்கையாளரைத் தேடும் வழிகள் பலவும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன.

* ஐக்கிய அமெரிக்காவில் அஞ்சல் தலை ஒட்டப்படாத விளம்பரங்களை வீட்டு அஞ்சற் பெட்டியில் இடுவது கூட்டரசுச் சட்டப்படி குற்றமாகும். இதனாலேயே அங்கு கதவுப் பிடியில் மாட்டும் அட்டைகள் பெருகின.
* அழைப்பின்றி வீட்டுக்குச் சென்று விற்பதைத் தடைசெய்யும் நகரச் சட்டங்கள் கிரீன் ரிவர் சட்டங்கள் எனப்படுகின்றன. 1931இல் இத்தகைய சட்டத்தை இயற்றிய வயோமிங் மாநில நகரின் பெயரால் இவை அழைக்கப்படுகின்றன. 1951இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்வகைச் சட்டமொன்றைச் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பல நகரங்களில் முன்னனுமதி பெற்றால் வீடு வீடாகச் செல்லலாம்.
* தொலைபேசி விற்பனை அழைப்புகளை விரும்பாதோர் பதிவு செய்யும் பட்டியல்கள் ஐக்கிய அமெரிக்காவில் 2003இலும், ஆஸ்திரேலியாவில் 2007இலும் நடைமுறைக்கு வந்தன. கனடாவில் 2014 சூலை 1 முதல், இசைவின்றி வணிக மின்னஞ்சல் அனுப்புவது தடுக்கப்பட்டுள்ளது.
* அமெரிக்கத் தொழிற் சட்டப்படி, 14, 15 வயதினரைப் புல்வெட்டும் விசை இயந்திரங்களை இயக்கும் வேலைக்கு அமர்த்தலாகாது. சொந்தமாக அயலாரின் புல்லை வெட்டும் சிறாருக்கு இது பொருந்துவதில்லை. எனினும், தள்ளிச் செல்லும் இயந்திரத்துக்குக் குறைந்தது 12 வயதும், ஏறி ஓட்டும் இயந்திரத்துக்கு 16 வயதும் ஆகியிருக்க வேண்டும் என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கின்றது.
* கலிபோர்னியாவில் 2021இல் இயற்றப்பட்ட சட்டத்தைத் தொடர்ந்து, எரிபொருளால் இயங்கும் புதிய புல்வெட்டிகளின் விற்பனை 2024 முதல் கட்டுப்படுத்தப்பட்டது. முன்னரே வாங்கியவற்றைப் பயன்படுத்தத் தடையில்லை. மின்கல இயந்திரத்தின் குறைந்த ஒலியை வாடிக்கையாளரை ஈர்க்கும் கூறாகச் சிலர் விளம்பரப்படுத்துகின்றனர்.

பண்பாட்டில்

விடுமுறையில் அயலார் புல்லை வெட்டிப் பணம் சேர்க்கும் சிறுவன், அமெரிக்கக் கதைகளிலும் திரைப்படங்களிலும் அடிக்கடி தோன்றும் பாத்திரம். கேரி போல்சன் எழுதி 2007இல் வெளியான சிறுவர் புதினமான லோன் பாய், பாட்டனாரின் பழைய இயந்திரத்தைப் பெறும் 12 வயதுச் சிறுவனின் தொழில் ஒரு கோடைக்குள் பெருகுவதைக் கூறி, அதன் வழியாகப் பொருளியல் கருத்துகளை அறிமுகம் செய்கின்றது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில், ஆஸ்திரேலியப் புறநகர் வாழ்வின் அடையாளமாகப் புல்வெட்டி இயந்திரங்கள் அரங்கில் இடம்பெற்றன.

இவற்றையும் பார்க்க

* புல்வெளி
* அருகம்புல்
* சிறுதொழில்
* சந்தைப்படுத்தல்
* புறநகர்